'பசுமை ஹைட்ரஜன்' நிஜமாகவே பசுமைதானா? காட்டிக்கொடுக்கும் டிஜிட்டல் சான்றிதழ்... எப்படி வேலை செய்கிறது?

தங்கத்தில் சந்தேகம் வந்தால் உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் லாக்டோமீட்டர் சொல்லிவிடும். ஆனால், ஒரு சிலிண்டர் ஹைட்ரஜனைக் கொடுத்து, 'இதைத் தயாரித்தது சூரிய மின்சாரமா, நிலக்கரி மின்சாரமா?' என்று கேட்டால் எந்த ஆய்வகத்தாலும் பதில் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை.

அப்படியென்றால் 'பசுமை' என்று சொல்லி விற்பதை எதை வைத்து நம்புவது? அதற்காக வந்ததுதான் டிஜிட்டல் மூலச் சான்றிதழ். அது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

மின்சாரம் எங்கிருந்து வந்தால் என்ன?

தண்ணீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்கும் இயந்திரத்துக்கு எலக்ட்ரோலைசர் என்று பெயர். ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவை.

இந்தியாவின் பொது கிரிட்டில் வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பின்னால் சராசரியாக சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரிட் மின்சாரத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரித்தால் 35 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் பழைய முறையில்கூட ஆலையில் வெளியாவது 9, 10 கிலோதான்!

அதாவது, மின்சாரத்தின் மூலம் தவறினால், பசுமை ஹைட்ரஜன் என்று சொல்லப்படுவது பழைய ஹைட்ரஜனைவிட 3 மடங்குக்கு மேல் மோசமாகிவிடும்.

வெறும் நம்பர் போதுமா?

போதாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. அங்கே தயாரிக்கப்படும் பயோடீசலுக்கு 38 இலக்க அடையாள எண் கொடுக்கும் முறை வந்தது. எண்ணெய் நிறுவனங்கள் அந்த எண்களை விலைக்கு வாங்கி, அரசு விதித்த ஒதுக்கீட்டைக் கணக்குக் காட்டலாம்.

மேரிலாண்ட் மாநிலத்தில் ஒருவர் ஒரு சொட்டு பயோடீசல்கூட தயாரிக்காமல், எண்களை மட்டும் உருவாக்கி 90 லட்சம் டாலருக்கு மேல் விற்றார். அந்தப் பணத்தில் சொகுசு கார்களாக வாங்கிக் குவித்தார். கடைசியில் மாட்டிக்கொண்ட அவருக்கு 2013ஆம் ஆண்டு 12 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

எண் இருந்தது, எரிபொருள் இல்லை. எந்தச் சான்றிதழ் முறையும் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

டிஜிட்டல் சான்றிதழ் எப்படி வேலை செய்யும்?

* காற்றாலை அல்லது சோலார் நிலையத்தின் மீட்டரில் உற்பத்தி பதிவாகும்.

* எலக்ட்ரோலைசரின் மீட்டரில் மின் நுகர்வும், வெளியே வரும் ஹைட்ரஜனின் எடையும் பதிவாகும்.

* மென்பொருள் இந்த மூன்றையும் ஒப்பிடும். 100 யூனிட் பசுமை மின்சாரத்துக்கு 10 கிலோ ஹைட்ரஜன் என்று கணக்கு வந்தால் உடனே உதைக்கும். ஏனென்றால் அது இயற்பியல்படியே சாத்தியமில்லை.

* கணக்குச் சரியாக இருந்தால் தனி எண்ணுடன் சான்றிதழ் உருவாகும். ஐரோப்பாவின் 'செர்ட்டிஃப்ஹை' முறையில் ஒரு சான்றிதழ் என்பது ஒரு மெகாவாட் மணி ஆற்றல். சுமார் 30 கிலோ ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளலாம்.

* வாங்கியவர் அதைப் பயன்படுத்தியதும் சான்றிதழ் ரத்தாகிவிடும். கிழித்த சினிமா டிக்கெட் மாதிரி, மறுபடி யாரும் காட்ட முடியாது.

குழாயில் கலந்துவிட்டால்?

பால் சொசைட்டியில் எல்லோர் வீட்டுப் பாலும் ஒரே கேனில்தான் கலக்கிறது. ஆனால் யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்பது நோட்டில் இருக்கும். இங்கும் அதே கதைதான். 10 டன் பசுமை ஹைட்ரஜன் உள்ளே போனால், பசுமை என்ற பெயரில் 10 டன்தான் வெளியே விற்கலாம்.

ஹைட்ரஜனை அமோனியாவாகவோ, மெத்தனாலாகவோ, விமான எரிபொருளாகவோ மாற்றினாலும் இந்தக் கணக்கு கூடவே போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூனியன் டேட்டாபேஸ்' இப்படி எரிபொருள் கைமாறுவதைப் பதிவு செய்வதற்காகவே உருவாக்கப்பட்டது.

பகல் வெயிலும் ராத்திரி ஹைட்ரஜனும்

உண்மையான சண்டை இங்கேதான். மதியம் சோலாரில் எடுத்த மின்சாரத்தைக் கிரிட்டுக்குக் கொடுத்துவிட்டு, நள்ளிரவில் கிரிட்டிலிருந்து எடுத்து ஆலையை ஓட்டினால் அது பசுமையா? மாதக் கணக்கில் இரண்டும் சமமாகத் தெரியும். ஆனால் நள்ளிரவில் வந்தது பெரும்பாலும் அனல்மின் நிலையத்தின் மின்சாரம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதிப்படி, 2029 இறுதி வரை மாதக் கணக்கு சமமானால் போதும். 2030 ஜனவரி முதல் ஒவ்வொரு மணி நேரமும் பொருந்த வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. காற்றாலையோ சோலாரோ, ஆலை தொடங்குவதற்கு 36 மாதங்களுக்குள் அமைந்த புதியதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வீடுகளுக்குப் போகும் பசுமை மின்சாரத்தைத் திருப்பிவிட்டால், அந்த இடத்தை நிலக்கரிதானே நிரப்பும்? (2028க்கு முன் தொடங்கும் ஆலைகளுக்கு இதில் 2038 வரை விலக்கு உண்டு.)

ஆண்டு முழுவதும் மணிக்கு மணி சரிபார்ப்பது என்றால் 8,760 பதிவுகள். பேப்பர் ஃபைலில் இது நடக்காது. 'டிஜிட்டல்' தேவைப்படுவதே இதனால்தான்.

இந்தியாவில் என்ன விதி?

2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அளவுகோலும் வந்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான உமிழ்வைத் தாண்டக்கூடாது. 2025 ஏப்ரலில் சான்றளிப்புத் திட்டமும் வெளியானது.

ஐரோப்பாவின் வரம்பு ஒரு கிலோவுக்கு சுமார் 3.4 கிலோ. அப்போ நம்ம விதிதானே கடுமை? அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் ஆலை வாசல் வரைக்கும்தான் கணக்கு. ஐரோப்பாவில் போக்குவரத்தும் சேரும். தவிர, இங்கே 12 மாத சராசரி போதும். கிரிட்டில் 'பேங்கிங்' செய்துவைத்த மின்சாரமும் பசுமையாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

தூத்துக்குடிக்கு ஏன் இது முக்கியம்?

பசுமை ஹைட்ரஜன் மையங்களாக அங்கீகரிக்கப்பட்ட துறைமுகங்களில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் ஒன்று. 2025 செப்டம்பரில் அங்கே ஒரு சிறிய சோதனை ஆலையும் தொடங்கப்பட்டது. அமோனியாவாக மாற்றி வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டங்களும் பேசப்படுகின்றன.

தமிழ்நாட்டின் காற்றாலைகள் ஆடிக் காற்றில் கொட்டிக்கொடுக்கும், தை மாதத்தில் சுணங்கும். ஆண்டுச் சராசரியில் இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். மணிக் கணக்கில் மறையாது. எனவே ஐரோப்பாவுக்கு விற்க நினைக்கும் ஆலை, பேட்டரியோ, கூடுதல் சோலாரோ, ஹைட்ரஜன் சேமிப்புத் தொட்டியோ இப்போதே திட்டமிட்டாக வேண்டும். இல்லையென்றால் இங்கே 'பசுமை' முத்திரை வாங்கிய சரக்கு, அங்கே சாதாரண சரக்காகிவிடும்.

டிஜிட்டல் என்றால் ஏமாற்றவே முடியாதா?

முடியும். பிளாக்செயின் போன்ற தொழில்நுட்பம், ஒருமுறை பதிவானதை யாரும் பிறகு மாற்றாமல் தடுக்கும். ஆனால் முதலிலேயே பொய்யை எழுதினால், அந்தப் பொய்யையும் அது பத்திரமாகப் பாதுகாக்கும். அதனால்தான் சீல் வைத்த மீட்டரும், ஆலைக்கே நேரில் போய்ப் பார்க்கும் சுயாதீன தணிக்கையாளரும் கட்டாயம் தேவை.

பசுமை ஹைட்ரஜனுக்கு அரசு கொடுக்கும் ஊக்கத்தொகை மக்களின் வரிப்பணம். அது பசுமைக்குப் போகிறதா, பசுமை என்ற பெயருக்குப் போகிறதா என்பதைச் சொல்லப்போவது அந்த மீட்டர்தான்.