டபிள்யூசிவிட்த்

டபிள்யூசிவிட்த் என்பது முனையத்தில் ஓடும் சி மொழி நிரல்களுக்கு உதவும் துணைச் செயற்கூறு. ஒரு குறியைக் கொடுத்தால், திரையில் அது எத்தனை கட்டங்களை அடைக்கும் என்று சொல்லும். லத்தீன் எழுத்துக்கு 1, சீன எழுத்துக்கு 2, முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் குறிகளுக்கு 0. அச்சிட முடியாத குறியானால் -1. சி மொழித் தரத்தில் இது கிடையாது. யுனிக்ஸ் அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்தில் உண்டு. முழுச் சரத்தின் அகலத்தைச் சொல்ல டபிள்யூசிஎஸ்விட்த் இருக்கிறது.

1978இல் வெளிவந்த விடி100 முனையத்தின் திரை 80 நெடுவரிசைகளும் 24 வரிகளும் கொண்டது. இன்றைய முனைய மென்பொருள்களும் அதே கட்டத் திரையைத்தான் பாவிக்கின்றன. திரையில் என்ன தெரிகிறது என்பது நிரலுக்குத் தெரியாது. சுட்டி எங்கே நிற்கும் என்று நிரல் தன் பங்குக்கு ஒரு கணக்கு வைத்திருக்கும். முனையம் தனியே இன்னொரு கணக்கு வைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அட்டவணைக் கோடுகள் விலகும், பின்னழிப்பு விசை வேறொரு எழுத்தை அழிக்கும். கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் கூன் இந்தச் செயற்கூறுக்கு எழுதித் தாராளமாகப் பகிர்ந்த வடிவத்தை எக்ஸ்டெர்ம், புட்டி போன்ற முனைய மென்பொருள்கள் எடுத்துக்கொண்டதால், பல இடங்களில் ஒரே கணக்கு நிலைத்தது.

அந்தக் கணக்கு தமிழுக்குப் பொருந்தவில்லை. யூனிகோட் வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத குறிகள். இகரக் குறியோ இடம் பிடிக்கும் குறி. ஆகவே கூனின் வடிவத்தில் உள்ள அகல அட்டவணைப்படி ‘கீ’க்கு ஒரு கட்டம், ‘கி’க்கு இரண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லில் எழுத்து மூன்று, யூனிகோட் குறியீடு ஐந்து, யூடிஎஃப்-8இல் பைட் 15, திரைக் கட்டம் நான்கு. பத்து இடம் ஒதுக்கி அச்சிடச் சொன்னால் சி மொழியின் பிரிண்ட்எஃப் பைட்டுகளையே எண்ணும். பதினைந்து ஏற்கெனவே பத்தைத் தாண்டிவிடுவதால் ஓர் இடைவெளிகூடச் சேர்க்காது. பெயர்ப் பட்டியலின் அடுத்த பத்தி அங்கேயே கோணலாகிவிடும்.

குறை அட்டவணையில் மட்டும் இல்லை. இந்தச் செயற்கூறு ஒரு நேரத்தில் ஒரு குறியை மட்டுமே வாங்கிக்கொள்கிறது. தமிழில் உயிர்மெய்யின் அகலம் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்த பிறகே தெரியும். ‘கொ’வில் குறி மெய்யின் இரு பக்கமும் நிற்கிறது. குறிகளைத் தனித்தனியே அளந்து கூட்டும் எந்த முறையும் இங்கே சரிவராது. சரத்தை முதலில் முழு எழுத்துகளாகப் பிரித்து, பிறகு அளப்பதே முறை. பிரிப்பதற்கான விதிகளை யூனிகோட் தன் 29ஆம் இணைப்பறிக்கையில் தந்திருக்கிறது.

நிரல் அப்படிப் பிரித்து அளந்தாலும் முனையமும் அதே வழியில் அளந்தாக வேண்டும். ஐயம் இருந்தால் முனையத்தையே கேட்கலாம். வரியின் தொடக்கத்தில் ‘தமிழ்’ என்று அச்சிட்டு, சுட்டியின் இடத்தைக் கேட்கும் கட்டளைத் தொடரை அனுப்பினால், வரி எண்ணும் நெடுவரிசை எண்ணும் பதிலாக வரும். நெடுவரிசை 5 என்றால் அந்த முனையம் குறிகளைத் தனித்தனியே அளக்கிறது. 4 என்றால் எழுத்துக்கு ஒரு கட்டம் தருகிறது.