ஆம்ப்ளிஃபயர் சொதப்பினால் ஸ்பீக்கரும் காலி... தப்பிக்க 5 வழிகள்!

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வாடகைக்கு வீடெடுத்து, மஹிந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போறவரா நீங்க? அப்பாவோட பழைய ஸ்பீக்கர் பாக்ஸ், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின ஆம்ப்ளிஃபயர் போர்டு... செட் ரெடி! ஆனா, ஒருநாள் 'டப்'னு சத்தம், கூடவே கருகின வாசனை. ஆம்ப் போனா வேற வாங்கிக்கலாம். அப்பாவோட ஸ்பீக்கர்?

ஸ்பீக்கருக்குத் தேவை ஏ.சி சிக்னல். டூயல் சப்ளை போர்டுகளில் அவுட்புட் ஐ.சி-யோ டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆனால், டி.சி மின்சாரம் நேராக வாய்ஸ் காயிலுக்குப் போய்விடும். கோன் ஒரே பக்கம் தள்ளி நிற்க, சில விநாடிகளிலேயே காயில் கருகலாம். இதைத் தடுக்க என்ன செய்யலாம்?

1. புரொடக்‌ஷன் போர்டு: ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டுவது. டி.சி வந்தால் இதிலுள்ள ரிலே இணைப்பைத் துண்டித்துவிடும். ஆன் செய்ததும் சில விநாடிகள் தாமதித்தே ஸ்பீக்கரை இணைப்பதால் அந்த 'டப்' சத்தமும் வராது.

2. மல்ட்டிமீட்டர் டெஸ்ட்: புது போர்டா? ஸ்பீக்கரை மாட்டும் முன், பாட்டு எதுவும் போடாமல் அவுட்புட்டில் டி.சி வோல்ட் பாருங்க. சில பத்து மில்லிவோல்ட் வரை ஓகே. வோல்ட் கணக்கில் காட்டினால் மாட்டவே மாட்டாதீங்க.

3. பிசிறினால் குறைங்க: ஆம்பின் சக்திக்கு மீறி வால்யூம் வைத்தால் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். இதில் முதலில் பலியாவது பெரும்பாலும் ட்வீட்டர். பாஸை 10 டெசிபல் ஏற்றினால், அந்த ஒலிக்கு மட்டும் 10 மடங்கு பவர் தேவை என்பதையும் மறக்காதீங்க.

4. ஓம் கணக்கு: இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை பேரலலாக இணைத்தால் 4 ஓம், இரண்டு 4 ஓம் என்றால் 2 ஓம். ஆம்ப் தாங்கும் அளவுக்குக் கீழே போனால் சூடாகி ஐ.சி போய்விடும். ஸ்பீக்கர் வயர்களின் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருப்பதும் முக்கியம்.

5. ஆன்-ஆஃப் வரிசை: ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசி, ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதல். கேபிளைப் பிடுங்கி மாட்டுவதெல்லாம் ஆம்ப் ஆஃபில் இருக்கும்போது மட்டும். கரன்ட் போனால் சுவிட்சை அணைச்சிடுங்க. திரும்பி வந்து சில நிமிஷம் கழிச்சுப் போடுங்க.

ஒரு எச்சரிக்கை: டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவது 230 வோல்ட். பிளக்கில் இருக்கும்போது பெட்டியைத் திறந்து கைவைக்க வேண்டாம்.

இதையும் மீறி காயில் கருகிவிட்டதா? உடனே தூக்கிப் போடாதீங்க. ரீ-காயிலிங் செய்யும் கடையில் ஒருமுறை காட்டிட்டு முடிவெடுங்க. ஆனா, ஆம்பைச் சரிபார்க்காமல் அதே ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டினால், புதுக் காயிலும் கருகும்!