தேறிய உடம்பு: மலாக்காத் தோட்டத் தமிழரின் உணவும் சொல்லும்

காலையில் ‘பசியாறிவிட்டீர்களா?’ என்று வினவுவது மலாக்காத் தமிழரிடையே இன்றும் வழக்கம். காலைச் சிற்றுண்டிக்கே மலேசியத் தமிழில் ‘பசியாறல்’ என்று பெயர். தமிழகத்தின் சில வட்டாரங்களிலும் இச்சொல் உண்டு. எனினும், தோட்டத்துத் தமிழர் வாயில் அது பெற்ற அழுத்தம் தனி.

1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. கங்காணிகள் திரட்டிவந்த தமிழர் இத்தகைய தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால்வாளி சுமந்தவர்க்குச் சோறே உரம். அந்த அரிசியோ பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வரவேண்டும். ஜப்பானியர் ஆண்ட 1942–1945 காலத்தில் அவ்வரவு குன்றியது. மரவள்ளிக்கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது.

அத்தலைமுறை உடம்பை எவ்வாறு மதித்தது என்பதை அதன் வினைச்சொற்களே காட்டும். நோயினின்று மீள்வது தேறுதல், சதைபிடிப்பதும் தேறுதல், தேர்வில் வெல்வதும் தேறுதலே. ‘இளைத்தல்’ என்பதோ மெலிதலையும் களைத்தலையும் குறிக்கும். ‘நான் எவர்க்கும் இளைத்தவன் அல்லன்’ என்கையில் தாழ்வையும் குறிக்கும். இவை தோட்டத்தில் பிறந்த சொற்கள் அல்ல, தமிழின் பொதுச்சொத்து. ஆயினும் மலேரியாவும் சோகையும் மெலிவித்த உடல்களிடையே இவற்றின் பொருள் நாள்தோறும் மெய்ப்பட்டது. கொழுத்த குழந்தை பிழைக்கும் என்று தாய்மார் நம்பியதை நாம் அறியாமை என்று தள்ளிவிட இயலாது.

அந்நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டவர்களும் இருந்தனர். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவென விற்பதை, மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில் கொலைக்கு ஒப்பிட்டுச் சாடினார். அதே பால் இன்றும் நம் தே தாரிக் குவளையின் அடியில் கிடக்கிறது.

1970களில் பத்து பெரெண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. நகர்ப்புறம் சேர்ந்த குடும்பங்களில் பெற்றோர் முறைவேலைக்குச் செல்ல, பிள்ளைகளின் உணவு ஒட்டுக்கடைக்கு இடம்பெயர்ந்தது. சுமையும் நடையும் குறைந்தன. தட்டின் அளவு குறையவில்லை. நாடளாவிய 2022ஆம் ஆண்டு ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் எனக் கண்டது. இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி 2019 ஜூலையிலேயே வந்துவிட்டது.

மூன்று தலைமுறைக்குள் உடம்பு மாறிவிட்டது; சொல் மாறவில்லை. வீட்டில் பாட்டி ‘இளைத்துவிட்டாயே’ என்று மேலும் ஓர் அகப்பை சோறிடுகிறார். பள்ளியில் தோழர்கள் ‘குண்டு’ என்கின்றனர். இரண்டுக்கும் நடுவே நிற்கும் பதினான்கு வயதுப் பெண் பசியாறாமலே பள்ளிக்கு வருவதுண்டு. அவள் உடலுக்கு அது நன்மை செய்வதில்லை. பிற்பகலில் பசி இரட்டிப்பாகத் திரும்பும். உடற்றகுதிச் சோதனையின்போது எடையை வகுப்பு முழுதும் கேட்க வாசிப்பது நமக்கு ஒப்பவில்லை. அவ்வெண்ணை அவளிடமும் பெற்றோரிடமும் மட்டும் சொன்னால் போதும். பாட்டியையும் உடன் அழைத்துச் சொல்வது இன்னும் நன்று. அவ்வீட்டில் சோறிடுபவர் அவரே.