பனிக்கால ஆந்தையும் ஒளிப்படக் கருவியும்

பறவை ஒளிப்படக் கலையின் வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். பறவைக்கு இடையூறு செய்யாமல் படமெடுக்க வேண்டும் என்னும் நெறி பழையதுதான். ஆனால் அது கூட்டைச் சுற்றியே வளர்ந்தது. பனிக்காலத்தை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. அதனால் துன்பப்பட்ட பறவைகளுள் முதன்மையானது ஆந்தை.

தொடக்கம் இங்கிலாந்தில். ரிச்சர்ட் கியர்டன், செர்ரி கியர்டன் என்னும் உடன்பிறப்புகள் 1892-ஆம் ஆண்டு ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தனர். 1895-இல், இயற்கைச் சூழலில் எடுத்த படங்களைக் கொண்டே பறவைக் கூடுகளைப் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டனர். பறவை மிரளாதிருக்க, பதப்படுத்திய எருதின் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்தி, அந்தப் பொய் எருதுக்குள் நின்று படமெடுத்தார்கள். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அக்காலக் கருவிக்கு வேறு வழியில்லை. கண்ணாடித் தட்டுகள் ஒளியை மெதுவாகவே வாங்கின. வில்லைகளோ தொலைவிலுள்ளதை அருகே காட்டும் ஆற்றலற்றவை. எனவே பறவை தவறாமல் திரும்பி வரும் ஓரிடம் வேண்டும். அந்த இடம் கூடு. பறவைப் படம் என்றாலே கூட்டருகே எடுத்த படம் என்றானது இப்படித்தான்.

எரிக் ஹாஸ்கிங் (1909–1991) இக்கலையை உச்சத்திற்குக் கொண்டு சென்றவர். 1937-ஆம் ஆண்டு வேல்ஸ் பகுதியில், டானி ஆந்தையின் கூட்டருகே அமைத்திருந்த மறைவிடத்திற்கு இரவில் ஏறியபோது, தாய் ஆந்தை பாய்ந்து அவரது முகத்தில் அறைந்தது. நகம் இடக்கண்ணைத் துளைத்தது. தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவலாம் என்ற அச்சத்தால் அந்தக் கண்ணை அகற்ற நேர்ந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எனினும் அவர் ஆந்தைகளைப் படமெடுப்பதை விடவில்லை. வாயில் எலியைக் கவ்வி, இறகு விரித்து நிற்கும் கூகையை அவர் 1948-இல் எடுத்த படம் இன்றும் புகழ்பெற்றது. 1970-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலின் தலைப்பிலேயே அந்தக் கண்ணை நினைவுபடுத்தியிருந்தார்.

கூட்டருகே படமெடுப்போர் பெருகியதால் சட்டமும் கூட்டையே நோக்கியது. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி, கூகையையும் பனி ஆந்தையையும் கூட்டருகே உரிமமின்றி இடையூறு செய்வது குற்றம். குஞ்சுகள் பறந்து தனித்து வாழத் தொடங்கியதும் அந்தக் காப்பும் முடிந்துவிடுகிறது. டிசம்பர் மாதப் பனியில் பசியோடு அமர்ந்திருக்கும் ஆந்தைக்கு அதனால் பயனில்லை.

அந்தப் பசி சிறிதன்று. பனி ஆந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து லெம்மிங் எலிகள் தேவை. பெருஞ்சாம்பல் ஆந்தையோ ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் பனிக்கடியில் ஓடும் எலியையும் ஒலியைக் கொண்டே கண்டுபிடிக்கும். அத்தகைய செவிக்கு அருகில் கார்க் கதவை அறைந்து சாத்துவது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீணாகப் பறந்த ஒவ்வொரு முறையும் உடலின் கொழுப்பு கரைகிறது. பகலில் பறந்தால் காக்கைகளும் பருந்துகளும் துரத்துகின்றன.

2003-இல் ஆயிரம் டாலருக்கும் குறைவான விலையில் வில்லை மாற்றத்தக்க எண்முறை ஒளிப்படக் கருவி முதன்முறையாகச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, கனடாக் காடுகளில் எலிகள் குறைந்ததால், பெருஞ்சாம்பல் ஆந்தைகள் தெற்கே அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற்கு இறங்கின. 2004–05 பனிக்காலத்தில் அங்கே ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட ஆந்தைகள் கணக்கிடப்பட்டன. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததே என் பார்வையில் திருப்புமுனை. சாலையோரங்களில் படமெடுப்போர் திரண்டனர். நீண்ட வில்லை கையிலிருந்தும் மனிதர்கள் மேலும் மேலும் நெருங்கிச் சென்றதுதான் விந்தை!

கடையில் வாங்கிய எலியைப் பனியில் வீசி, ஆந்தை பாயும் கணத்தைப் படமெடுக்கும் பழக்கமும் பரவியது. உணவுதானே கொடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்புடையதன்று. சாலையோரத்தில் எலி கிடைக்கும் என்று கற்ற ஆந்தை சாலையைத் தேடி வரும், தாழப் பறக்கும், வாகனத்தில் அடிபடும். இன்று பெரிய வனவிலங்கு ஒளிப்படப் போட்டிகள் உயிருள்ள இரையைக் காட்டி எடுத்த படங்களை ஏற்பதில்லை.

நல்ல ஒளிப்படக்காரர்கள் கைக்கொள்ளும் முறை எளியது. காரை விட்டு இறங்காமல், அதையே மறைவிடமாக்கிக்கொள்கிறார்கள். இருந்த இடத்தைப் பறவை அங்கிருக்கும்வரை வெளியிடுவதில்லை. ஆந்தையின் உடலைப் படிக்கிறார்கள். கண்கள் பாதி மூடி, உடல் உப்பியிருந்தால் அது அமைதியாக இருக்கிறது. நெட்டைக்காது ஆந்தை உடலைக் குறுக்கி, குச்சிபோல் நிமிர்ந்து, காதுக் கொண்டைகளை உயர்த்தினால் அச்சம் வந்துவிட்டது என்று பொருள். அப்போது பின்வாங்க வேண்டும். படம் கிடைக்காவிட்டாலும் சரி. (மலாய் மொழியில் ஆந்தைக்குப் 'பேய்ப்பறவை' என்று பெயர் என்பதால், நம் மாணவர்கள் ஆந்தைதான் மனிதனை அச்சுறுத்துவது என்று நம்புகிறார்கள்!)

செர்பியாவில் கிகிண்டா என்னும் சிறு நகரம் உண்டு. பனிக்காலத்தில் அதன் நடுச்சதுக்கத்து மரங்களில் நெட்டைக்காது ஆந்தைகள் நூற்றுக்கணக்கில் வந்து தங்குகின்றன. வெளிநாட்டு ஒளிப்படக்காரர்கள் அவற்றுக்காகவே அங்கே செல்கிறார்கள். கீழே மக்கள் கடைகளுக்குப் போய் வருகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். மேலே ஆந்தைகள் உறங்குகின்றன.