யூஎஸ்ஆர் அடைவு ஒருங்கிணைப்பு

யூஎஸ்ஆர் அடைவு ஒருங்கிணைப்பு என்பது லினக்சு இயக்குதளத்தின் மூல அடைவில் தனித்தனியே இருந்த பின், எஸ்பின், லிப் ஆகிய அடைவுகளின் கோப்புகளை யூஎஸ்ஆர் அடைவினுள் மாற்றி, பழைய இடங்களில் குறியீட்டு இணைப்புகளை மட்டும் வைக்கும் முறை ஆகும். இம்மாற்றத்தின்போது பொதி மேலாளர்கள் பழைய அடைவுகள் குறித்த எச்சரிக்கைகளைக் காட்டுவதுண்டு.

பின்னணி

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்சு உருவாக்கப்பட்டபோது வட்டுகளின் கொள்ளளவு மிகக் குறைவாக இருந்தது. முதல் வட்டில் இடம் போதாமையால் நிரல்களின் ஒரு பகுதி, யூஎஸ்ஆர் அடைவு இருந்த இரண்டாம் வட்டுக்கு மாற்றப்பட்டது. வட்டுகள் பெரிதான பின்னரும் இப்பிரிவினை நீடித்தது.

ஃபெடோரா தனது 17 ஆம் பதிப்பில் (2012) அடைவுகளை ஒருங்கிணைத்தது. ஆர்ச்சு லினக்சு லிப் அடைவை 2012 இலும், பின், எஸ்பின் அடைவுகளை 2013 இலும் மாற்றியது. தெபியன் 12 ஆம் பதிப்பு (2023) முதல் ஒருங்கிணைந்த அமைப்பை மட்டுமே ஆதரிக்கின்றது.

எச்சரிக்கைகளுக்கான காரணம்

பொதி மேலாளர், ஒவ்வொரு கோப்பும் எந்தப் பொதிக்கு உரியது என்பதைப் பாதைப்பெயரைக் கொண்டு தனது தரவுத்தளத்தில் குறித்துவைக்கின்றது. ஓர் அடைவு இணைப்பாக மாறும்போது ஒரே கோப்புக்கு இரண்டு பாதைகள் அமைகின்றன. தெபியனின் டிபிகேஜி இவ்விரண்டையும் வெவ்வேறு கோப்புகளாகவே கருதுகின்றது.

எடுத்துக்காட்டாக, லிப் அடைவில் பதிவான ஒரு கோப்பு, ஒரே மேம்படுத்தலில் வேறொரு பொதிக்கும் யூஎஸ்ஆர் பாதைக்கும் மாற்றப்பட்டதாகக் கொள்வோம். புதிய பொதி அக்கோப்பை நிறுவுகின்றது. பின்னர் பழைய பொதி தன் பதிவிலுள்ள பாதையை நீக்க முற்படும்போது, இணைப்பின் வழியாகப் புதிய கோப்பே அழிந்துவிடுகின்றது.

பழைய அடைவில் எப்பொதிக்கும் உரிமையற்ற கோப்புகள் எஞ்சியிருப்பின், அடைவு வெறுமையாக இல்லை, நீக்க இயலவில்லை என்னும் எச்சரிக்கை தோன்றும். இது பெரும்பாலும் தீங்கற்றது.

தீர்வு

* எஞ்சிய கோப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்தப் பொதிக்கு உரியது எனப் பொதி மேலாளரிடம் வினவ வேண்டும். பழைய பாதை, புதிய பாதை ஆகிய இரண்டாலும் வினவுதல் இன்றியமையாதது. ஒன்றில் உரிமையற்றதாகத் தோன்றும் கோப்பு, மற்றொன்றில் பதிவாகியிருக்கலாம்.
* உரிய பொதி இருப்பின் முதலில் அதனை மேம்படுத்த வேண்டும்.
* பயனர் தாமே இட்ட கோப்புகளைப் படியெடுத்த பின்னரே நகர்த்தவோ நீக்கவோ வேண்டும்.
* இரு அடைவுகளிலும் ஒரே பெயரில் வேறுபட்ட கோப்புகள் இருப்பின், தெபியனின் யூஎஸ்ஆர்மெர்ஜ் நிரல் மாற்றத்தை நிறுத்திவிடும். எதனை வைத்துக்கொள்வது என்பதை நிர்வாகி முடிவுசெய்து, நிரலை மீண்டும் இயக்க வேண்டும்.

ஆபத்துகள்

எச்சரிக்கையைத் தவிர்க்க வலிந்து நிறுவும் தெரிவைப் பயன்படுத்துவதோ, குறியீட்டு இணைப்பை அழிப்பதோ கூடாது. நிரல்கள் தொடங்கத் தேவையான இயங்குநிலை ஏற்றி லிப் அல்லது லிப்64 என்னும் பாதை வழியாகவே அழைக்கப்படுகின்றது. அப்பாதை அறுந்தால் நகர்த்தல், படியெடுத்தல் முதலிய அடிப்படைக் கட்டளைகளும் இயங்கா. அந்நிலையில் கணினியை நிறுவல் வட்டிலிருந்து தொடக்கி, இணைப்பை மீண்டும் உருவாக்க வேண்டும்.