'ணா'வும் 'லை'யும்: செங்கம் சாலைப் பலகைகள்

திருவண்ணாமலை, ரமணாசிரமம், அருணாசலம். செங்கம் சாலையில் ஆசிரமத்தை ஒட்டிக் கடையோ விடுதியோ வைப்பவர் இந்த மூன்று பெயர்களில் ஒன்றையாவது போர்டில் எழுதாமல் தப்புவது கடினம். மூன்றிலும் 'ணா' உண்டு. ஊர்ப் பெயரில் 'லை'யும் சேர்ந்துகொள்கிறது. பெரியார் நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் பிறப்பித்த எழுத்துச் சீர்திருத்த ஆணையால் உருமாறிய 13 எழுத்துகளில் இவை இரண்டு. அதற்கு முன்பு 'ணா' ஒற்றை உருவம். ணகரத்தின் வால் கீழே இறங்கிச் சுருண்டு நிற்கும். 'லை'யும் ஒற்றை உருவம். லகரத்தின் தலையில் யானைத் தும்பிக்கை ஏறியிருக்கும். ஆணைக்குப் பிறகு ஒன்றுக்குத் துணைக்கால் தனியாக வந்தது, மற்றதற்கு முன்னால் இணைக்கொம்பு வந்து நின்றது. ஏழு உருவங்களில் அடங்கிய ஊர்ப் பெயர் ஒன்பதாக நீண்டது. பள்ளிப் பிள்ளைக்கு இது சுமை குறைந்த செய்தி. போர்டு எழுதும் பெயின்டருக்கோ, அதே எட்டடித் தகரத்தில் இன்னும் இரண்டு உருவத்துக்கு இடம் தேட வேண்டிய வேலை. தும்பிக்கை வைத்த 'லை' எழுதிய பலகை ஒன்றைக் கண்டால், அதன் காலத்தையோ, குறைந்தபட்சம் அதை எழுதியவர் கை பழகிய காலத்தையோ 1978-க்கு முன்னால் வைத்துவிடலாம்.

கல்வெட்டை எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பார்கள். கடைப் பலகையையும் அப்படிக் கணிக்கலாம். எழுத்தைத் தவிர வேறு தடயங்களும் அதில் உண்டு. முகவரியில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருந்தால் அது 1989 செப்டம்பருக்கு முந்தைய பலகை. 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்' என்றிருந்தால் அந்த ஆண்டுக்கும் 1997-க்கும் இடைப்பட்டது. மாவட்டங்களுக்குச் சூட்டிய தலைவர் பெயர்களையெல்லாம் அரசு ஒரே மூச்சில் நீக்கியது 1997-இல்தான். தொலைபேசி எண் இன்னும் துல்லியம். 04175 என்ற எஸ்.டி.டி. குறியீட்டுக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் 2000-களின் தொடக்கத்துக்கு முன். நாடெங்கும் எண்களுக்கு முன்னால் '2' சேர்த்த பிறகு அது ஆறு இலக்கமானது. பத்து இலக்கக் கைபேசி எண் மட்டும் இருந்தால் நேற்றைய பலகை. இவ்வளவு தடயம் தரும் ஆவணத்தை நாம் ஆவணமாகவே மதிப்பதில்லை. என் வாதம் இந்தத் தடயங்களிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு பலகை யாருடையது என்பதைவிட, யார் படிப்பார் என்று நினைத்து அது எழுதப்பட்டது என்பதையே அது அதிகம் காட்டிக்கொடுக்கிறது. வாசகர் ஒருவரை மனத்தில் வைத்து எழுதியவரை இந்தத் தெருவில் பலகை நன்றாகவே காத்தது. வாசகரை மறந்த இடத்தில்தான் தொழில் கெட்டது.

முதல் வாசகர்கள் நடந்து வந்தவர்கள். ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்தார்; அவருடைய தாய் அழகம்மாள் 1922 மே மாதம் மறைந்து, மலையின் தென்புறத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே சமாதியான பிறகுதான் அங்கே குடிசை எழுந்து ஆசிரமமானது. அப்போது அது ஊருக்கு வெளியே. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அக்கினி லிங்கத்துக்கும் யம லிங்கத்துக்கும் நடுவில் விழுகிற இடம் என்பதால், வலம் வருகிறவர்கள் கடந்து போவார்கள். ரமணரைச் சந்தித்ததைப் பற்றிப் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934-இல் லண்டனில் வெளியானபின் வேறு வகை வாசகர் வந்தார். 1938-இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்தார். 1964-இல் ஆர்தர் ஆஸ்போர்னை ஆசிரியராகக் கொண்டு ஆசிரமத்தின் ஆங்கில இதழ் தொடங்கியது. இங்கே ஆங்கிலப் பலகை அந்தஸ்துக்காக மட்டும் வந்ததல்ல, படிக்க ஆள் இருந்ததால் வந்தது. அண்மை ஆண்டுகளில் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் பெருகியபோது, விடுதிகளிலும் உணவகங்களிலும் தெலுங்கு எழுத்து ஏறியதும் அப்படித்தான். எந்த அரசாணையும் அதைச் சொல்லவில்லை. வாசலில் நின்று, வருகிறவர் என்ன மொழியில் விலை கேட்கிறார் என்று காது கொடுத்த கடைக்காரர் செய்த மாற்றம் அது.

இந்த வாசகரைப் பெயின்டர் எப்படிக் கணக்கில் எடுத்தார் என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தகரத்துக்குச் செம்மண் நிறப் பிரைமர், அதன்மேல் அடிவண்ணம், காய்ந்தபின் சாக்குத்தூள் தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் நேர்கோடு. அந்தக் கோடுகளுக்கிடையில் சாக்பீஸால் எழுத்தை மெலிதாகப் போட்டுப் பார்ப்பார். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நிற்பார். தொழிலின் உயிர் அந்தப் பத்தடி நடையில் இருந்தது. ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது போர்டுத் தொழிலில் உலகெங்கும் புழங்கும் கணக்கு. ஆனால் அது ரோமன் எழுத்துக்குப் போட்ட கணக்கு. தமிழில் 'கி'யின் விசிறி மேலே ஏறும், 'கூ'வின் வால் கீழே இறங்கும். கொடுத்த உயரத்தில் எழுத்தின் உடல் சுருங்கிவிடும். ணகரத்தின் சுழிகள் தடித்த கோட்டில் அடைபட்டால் தூரத்தில் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். அதனால் நல்ல கை, கோட்டை மெலித்துச் சுழியைத் திறந்து வைத்தது; புள்ளியைப் பொட்டுபோல் இல்லாமல் சற்றுப் பெரிதாகவே வைத்தது; நிழல் போட்டால் ஒரே பக்கம் போட்டது. வலது கீழ் மூலையில் '…ஆர்ட்ஸ்' என்று சின்னதாகக் கையெழுத்தும் இருக்கும். எழுத்து பிசகினால் யாரைக் கேட்பது என்பதற்கு அதுவே விலாசம்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சுவையான கிளை இந்த இடத்தையே தொடுகிறது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976) இளமையில் துறவு நாட்டத்தோடு ரமணரிடம் வந்து தங்கியவர். பின்னர் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் நிலைத்து, தென்னாட்டுக் காலண்டர் ஓவியத்தின் முன்னோடியானார். நாடகத் திரை, காலண்டர், சினிமா பேனர், கடை போர்டு எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்து வீட்டுத் தொழில்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி வரைவது அவற்றின் பொதுப் பாடம்.

2000-களில் ஃப்ளெக்ஸ் வந்தது. மாறியது துணிக்குப் பதில் பிளாஸ்டிக் என்பது மட்டுமல்ல. எழுதுகிற இடம் சாலையிலிருந்து அறைக்குள் போனது. கோரல் டிராவில் வடிவமைப்பவர் திரையிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் எல்லா எழுத்தும் தெளிவுதான். இருபது வரி முகவரி, ஐந்து கைபேசி எண்கள், பின்னணியில் மலைப் படம், ஓரத்தில் தீபம், நான்கு மூலையிலும் தெய்வங்கள் என்று நிரப்பலாம், நிரப்பினார்கள். இடம் போதாவிட்டால் எழுத்தைக் குறுக்கே அமுக்கலாம், மேலே இழுக்கலாம்; பெயின்டர் அரை நாள் யோசித்துத் தீர்த்த இடப் பிரச்சினை மவுஸின் ஓர் இழுப்பில் தீர்ந்தது. அமுக்கிய 'ண'வில் முதலில் அடைபடுவது சுழிகள்தாம். நடப்பவர் 30 மீட்டரிலிருந்து ஒரு பலகையை நெருங்க ஏறக்குறைய 27 நொடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்காரருக்கு மூன்று நொடிகூடக் கிடையாது. கிருஷ்ணகிரி நோக்கிப் போகும் நெடுஞ்சாலையே இங்கே ஆசிரம வாசலாகவும் கிரிவலப் பாதையாகவும் இருப்பதால் இரண்டு வாசகரும் ஒரே பலகையைப் பார்க்கிறார்கள். இருபது வரிப் பலகை இருவருக்குமே பயன்படாது.

ஃப்ளெக்ஸைக் குறை சொல்வது வசதியுள்ளவர் ஏக்கம், சின்னக் கடைக்காரர் வயிற்றிலடிக்கும் பேச்சு என்று ஒரு மறுப்பு வரும். அதில் பெரும்பகுதி உண்மை. காலையில் சொன்னால் மாலையில் கையில் கிடைப்பது, இளநீர் வண்டிக்காரரும் வாங்கக்கூடிய விலை, பௌர்ணமி முடிந்தால் சுருட்டி வைத்து அடுத்த மாதம் விரிக்கும் வசதி – இவை கைவேலையால் தர முடியாதவை. 'மோர்' என்ற ஒரே சொல்லை மஞ்சள் ஃப்ளெக்ஸில் ஓரடி உயரத்துக்கு அச்சடித்துத் தொங்கவிட்டவர் எந்தப் பழைய பெயின்டருக்கும் இளைத்தவரல்ல. அவர் மனத்தில் தாகத்தோடு வருகிறவர் இருக்கிறார். அதோடு, பழைய காலம் மட்டும் அழகாக இருந்ததா? கோயில் மதில், பள்ளிச் சுவர், பாறை என்று எதையும் விடாமல் எழுதியது அந்தக் கைதான். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க ஒரு சட்டம் 1959-லேயே தேவைப்பட்டது என்றால், ஃப்ளெக்ஸுக்கு நாற்பது ஆண்டு முன்பே நோய் இருந்தது என்று பொருள். ஆகவே பொருளின்மேல் எனக்குக் கோபமில்லை. என் குறை வேறு: மலிவு வந்ததும் பேனரின் வாசகர் மாறிவிட்டார். பிறந்தநாள் வாழ்த்து, பதவியேற்பு வாழ்த்து, காதுகுத்து என்று கட்டப்படும் பேனரைப் படிக்க வேண்டியவர் சாலையில் போகிறவர் அல்லர்; அதில் படமாக இருப்பவரும், கீழே வரிசையாக முகம் போட்டவர்களும்தாம். தம்மைத் தாமே படித்துக்கொள்ளும் பலகைக்கு எழுத்து தெளிவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய முகம் போதும்.

சட்டம் இந்த வேறுபாட்டைத் தடவிப் பார்த்திருக்கிறதே தவிரப் பிடிக்கவில்லை. 2011-இல் நகர்ப்புறங்களுக்கு டிஜிட்டல் பேனர் விதிகள் வந்தன. அனுமதி எண்ணும் காலக்கெடுவும் பேனரிலேயே அச்சிடப்பட வேண்டும் என்றன அவை. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், உயிரோடு இருப்பவர் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்றது, அது நிலைக்கவில்லை. நீதிமன்றத்துக்கு நோய் தெரிந்திருந்தது என்றே எனக்குப் படுகிறது. 2018 டிசம்பரில் பேனர்களுக்கு மாநிலம் முழுவதும் இடைக்காலத் தடை வந்தது. தடை இருக்கும்போதே 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் சாலைத் தடுப்பில் கட்டிய திருமண பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்மேல் சரிந்து, பின்னால் வந்த லாரி அவர்மேல் ஏறியது. அவர் அந்த பேனரின் வாசகர் அல்லர். அதன் பாதையில் வந்தவர், அவ்வளவுதான்.

பெயர்ப்பலகையில் தமிழே முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி பற்றியும் இங்கே ஒரு சொல். கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் 1948 விதிகளில் 15-ஆம் விதி அது. தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்று விகிதமும் சொல்வார்கள். வெளிநாட்டவரும் தெலுங்கரும் வாடிக்கையாளராக இருக்கும் தெருவில் இந்த விதி என் வாதத்துக்கு எதிரானது அல்லவா என்று கேட்கலாம். இல்லை என்பேன். அந்தத் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர், கடிதம் கொண்டுவருகிறவர், அவசரத்துக்கு மருந்துக் கடை தேடுகிறவர் எல்லோரும் படிப்பது தமிழ்தான். கடைக்காரருக்குத் தெருவும் ஒரு வாசகர் என்று விதி நினைவூட்டுகிறது. ஆனால் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழெழுத்தில் பெயர்த்து, மூலையில் விரற்கடை அளவுக்கு ஒட்டிவிட்டு விதியை முடித்துக்கொள்வதும் நடக்கிறது. அந்தத் தமிழை யாருக்கும் படிக்கத் தரவில்லை, அதிகாரிக்குக் காட்டத் தந்தார்கள்.

இனிப் பலகையே எதற்கு, கையில் வரைபடம் இருக்கிறதே என்பது கடைசி மறுப்பு. கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நடக்கும் பாதையில், சிக்னல் திணறும் நேரத்தில், வெறுங்காலோடு, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கைபேசியைத் தேடுகிறவர் எத்தனை பேர்? அவர் கேட்பது மூன்று சொற்கள்: குடிநீர், கழிப்பறை, செருப்பு விட்ட இடம். இரவில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், தலைகளுக்கு மேலே தெரிகிற உயரத்தில் அந்தச் சொற்கள் வேண்டும். நீலத்தில் வெள்ளையாகவோ மஞ்சளில் கறுப்பாகவோ எழுதினால் போதும். 1980-களின் பிற்பகுதியிலிருந்து நாடு முழுக்கப் பரவிய மஞ்சள் எஸ்.டி.டி. பூத் பலகை இதை ஒருமுறை செய்து காட்டியது: எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் அந்த நிறத்தைப் படித்தார்.

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியானது. 'மா' என்ற ஓர் எழுத்துக்காகப் பலகைகளையெல்லாம் மாற்ற வேண்டும். தகரத்தில் கையால் எழுதிய பலகையாக இருந்தால், பெயின்டர் இருபுறமும் நான்கு விரல் ஓரம் விட்டிருப்பார். 1978-இல் துணைக்காலுக்கும் 1989-இல் சம்புவராயருக்கும் இடம் தந்தது அந்த ஓரம்தான். இடப்பக்கத்து ஓரத்தில் அந்த 'மா'வை உட்காரவைக்க அரை மணி நேரமும் ஒரு சின்ன டப்பா எனாமலும் போதும். விளிம்பு வரைக்கும் அச்சடித்த ஃப்ளெக்ஸில் அந்த இடம் இல்லை. முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். கழற்றியது பெரும்பாலும் பக்கத்துத் தள்ளுவண்டிக்குக் கூரையாகிறது. மழை ஒழுகாத நல்ல கூரை. எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்.