ஆசியன் டூர் கோல்ஃப்: 2020–22 பருவம்

ஜப்பான் நீங்கலான ஆசியாவின் முதன்மையான ஆடவர் தொழில்முறை கோல்ஃப் தொடர் ஆசியன் டூர். 1995இல் தொடங்கிய இத்தொடரின் கொரோனா காலப் பருவம் ஓராண்டில் முடியவில்லை. 2020 ஜனவரி முதல் 2022 ஜனவரி வரை இழுத்தது. நடந்த போட்டிகளோ 8 மட்டுமே.

தொடக்கமே கோளாறுதான். 2019 நவம்பரில் நடந்திருக்க வேண்டிய ஹாங்காங் ஓபன், அங்கு வெடித்த போராட்டங்களால் தள்ளிப்போய் இப்பருவத்தின் முதல் போட்டியானது. ஆஸ்திரேலியாவின் வேட் ஓர்ம்ஸ்பி, அப்போதைய பிரிட்டிஷ் ஓபன் சாம்பியன் ஷேன் லோரியை 4 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் முந்தினார். சிங்கப்பூரில் மேட் கூச்சரும் நியூசிலாந்தில் பிராட் கென்னடியும் வென்றார்கள். மார்ச்சில் மலேசிய ஓபன் வானிலையால் 3 சுற்றுகளாகச் சுருங்கியது. பிளே-ஆஃபில் டிரெவர் சிம்ஸ்பிக்குக் கோப்பை. அத்துடன் கொரோனாவால் ஆட்டம் நின்றது.

அமெரிக்காவின் பிஜிஏ டூர் 2020 ஜூனிலேயே மைதானத்துக்குத் திரும்பிவிட்டது. அது ஒரே நாட்டுக்குள் பெரும்பாலும் சுற்றும் தொடர். ஆசியன் டூருக்கு ஏறக்குறைய வாரத்துக்கொரு நாடு. எல்லைதோறும் ஒரு தனிமைப்படுத்தல் விதி. பரிசுப் பணத்தையே நம்பியிருந்த வீரர்களுக்கு 20 மாத வேலையின்மை என்பதுதான் இதன் பொருள்.

2021 நவம்பரில் தாய்லாந்தின் புக்கெட்டில் ஆட்டம் மீண்டது. அடுத்தடுத்த இரு போட்டிகளில் தைவானின் சான் ஷி-சாங், தாய்லாந்தின் பச்சாரா கோங்வத்மாய் ஆகியோர் வென்றனர். மிச்சமிருந்த இரண்டும் சிங்கப்பூரில். தானா மேரா மைதானத்தில் தென் கொரியாவின் கிம் ஜூ-ஹியுங், ரத்தனோன் வன்னஸ்ரீசானை பிளே-ஆஃபில் சாய்த்தார். மறுவாரம் சிங்கப்பூர் ஓபனை சடோம் கேவ்கஞ்சனா தட்டிச் சென்றாலும், அப்போது பரிசுப் பணத்தின்படி கணக்கிடப்பட்ட தரவரிசையில் முதலிடம் 19 வயது கிம்முக்கே. 17 வயதிலேயே இந்தியாவில் பானசோனிக் ஓபனை வென்ற பையன். சிறுவயதில் பிடித்த கார்ட்டூன் ரயிலின் நினைவாக 'டாம்' என்று தனக்கே பெயர் சூட்டிக்கொண்டவர். முடங்கிக் கிடந்த பருவம் தந்த பெரிய கண்டுபிடிப்பு அவர்தான்: 2022 ஆகஸ்டில் பிஜிஏ டூரிலும் பட்டம் வென்றார்.

இதற்கிடையே தொடரின் பொருளாதாரமே மாறிவிட்டது. சவூதிப் பணத்தில் உருவான லிவ் கோல்ஃப், ஆசியன் டூரில் 10 ஆண்டுகளில் 20 கோடி டாலர் முதலிடுவதாக 2021 அக்டோபரில் அறிவித்தது. சில மாதங்களில் அத்தொகை 30 கோடியானது. சிங்கப்பூர் ஓபன் முடிந்த 11ஆம் நாள் அடுத்த பருவம் சவூதி அரேபியாவில் தொடங்கியது. அந்த ஒரு போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை மட்டும் 50 லட்சம் டாலர்.